உஷார்! துடுப்புப் படகும் தொல்லைதான்

காற்றடிக்கும் கயாக் இப்போது ஆன்லைனில் கிடைக்கிறது. மடித்தால் கார் டிக்கியில் அடங்கிவிடும். தில்லைநகரிலிருந்தோ திருவானைக்காவிலிருந்தோ அதிகாலையில் கிளம்பினால் தஞ்சாவூர், பட்டுக்கோட்டை தாண்டி, வெயில் ஏறுவதற்குள் அதிராம்பட்டினத்திலோ மனோராவிலோ தண்ணீரில் இறங்கிவிடலாம். அரையாண்டு லீவு, பொங்கல் லீவு என்று வந்துவிட்டால் திருச்சிக்காரர்களுக்கு முக்கொம்பும் கல்லணையும் போதுவதில்லை, கடல் வேண்டியிருக்கிறது. ஆசைப்படுவதில் தப்பில்லை. இறங்கப்போகிற தண்ணீரில் யார் குடியிருக்கிறார்கள் என்று தெரியாமல் இறங்குவதுதான் வினை. காற்றடிக்கும் பம்பைக் கையில் எடுப்பதற்கு முன் இதைப் படித்துவிடுங்கள்.

ஒரு தப்பெண்ணம் நம்மிடம் ஆழமாக வேரோடியிருக்கிறது. "நாங்க என்ன மோட்டார் போட்டா ஓட்டுறோம்? புகை இல்லை, சத்தம் இல்லை, டீசல் கசியறதில்லை. கயாக்கால யாருக்கு என்ன தொந்தரவு?" படித்தவர்கள்கூட இப்படித்தான் கேட்கிறார்கள். ஆபத்தே அந்தச் சத்தமில்லாமையில்தான் இருக்கிறது. விசைப்படகு வருவது வெகு தூரத்திலேயே காதில் விழும். பறவை முன்கூட்டியே நகர்ந்துகொள்ளும். ஆமை நிதானமாக மூச்சை நிரப்பிக்கொண்டு கீழே இறங்கும். கயாக் அப்படியில்லை. தாழ்வாக, ஓசையில்லாமல், நேரே முகத்துக்கு முன்னால் வந்து நிற்கும். கூட்டமாக மேய்கிற பறவைக்கு அந்த வருகை, பதுங்கிப் பாய வரும் வேட்டைமிருகத்தின் வருகைதான். உங்கள் மனசில் அன்பு வழிகிறதா என்பது அதற்குத் தெரியாது.

அடுத்தது ஆழம். மோட்டார் படகுக்கு ஓரளவாவது தண்ணீர் வேண்டும், இல்லாவிட்டால் விசிறி தரையில் தட்டிவிடும். கயாக்குக்கு ஒரு சாண் தண்ணீர் போதும். கடற்புல் மேடு, அலையாத்திக் காட்டின் ஒடுங்கிய வாய்க்கால், முகத்துவாரத்து மணல்திட்டு என்று பெரிய படகு எட்டாத இடத்துக்கெல்லாம் அது நுழைந்துவிடும். பெரிய படகு எட்டாது என்பதால்தான் அந்த உயிர்கள் அங்கே ஒதுங்கிக் கிடக்கின்றன. மிச்சமிருக்கிற கடைசி மூலைக்கும் நாம் போய் நிற்கிறோம்.

திருச்சிக்கும் அந்தக் கடலோரத்துக்கும் என்ன சம்பந்தம் என்று கேட்பவர்கள், ஸ்ரீரங்கத்தைத் தீவாக்கும் இரண்டு ஆறுகளின் போக்கையும் கொஞ்சம் பார்க்கட்டும். முக்கொம்பில் ஆர்தர் காட்டன் 1836-லிருந்து 1838-க்குள் கட்டிய மேலணையில் காவிரியை விட்டுப் பிரிகிற கொள்ளிடம், பழையாறு அருகே கடலில் சேர்கிறது. அந்த முகத்துவாரத்துக்கும் வெள்ளாற்று முகத்துவாரத்துக்கும் நடுவில் இருப்பதுதான் பிச்சாவரம். தெற்கே பாமணியாறு, கோரையாறு என்று காவிரியின் வால்கள் போய் விழுகிற இடம் முத்துப்பேட்டைக் காயல். அம்மா மண்டபத்துப் படித்துறையில் நாம் முழுக்குப் போடும் தண்ணீரின் மிச்சம்தான் இந்த இரண்டு அலையாத்திக் காடுகளையும் வளர்த்தது. முத்துப்பேட்டையும் கோடியக்கரையும் சேர்ந்த பகுதி 2002-இல் ராம்சார் ஈரநிலமாக அறிவிக்கப்பட்டது. பிச்சாவரத்துக்கு அந்தப் பெயர் 2022-இல் வந்தது. எம்.ஜி.ஆரின் 'இதயக்கனி' படம் பிடித்த இடம் என்றுதான் பிச்சாவரத்தை நமக்குத் தெரியும். இனி வேறு விதமாகவும் தெரிந்துகொள்ள வேண்டும்.

ஆனால் திருச்சிக் கயாக்காரர்கள் அதிகம் உஷாராக இருக்க வேண்டிய இடம் பிச்சாவரமில்லை. அங்கே படகுத்துறை இருக்கிறது, டிக்கெட் இருக்கிறது, படகோட்டி இருக்கிறார், ஏதோ ஒரு கட்டுப்பாடு இருக்கிறது. கவலை, யாரும் கேள்வி கேட்காத பாக் விரிகுடாக் கரையைப் பற்றித்தான். அதிராம்பட்டினம், மல்லிப்பட்டினம், மனோரா, அங்கிருந்து தெற்கே இறங்கி கட்டுமாவடி, கோட்டைப்பட்டினம், மீமிசல். அலை குறைவு, ஆழமும் குறைவு. புதிதாகத் துடுப்புப் பிடிக்கிறவர்களுக்கு இதைவிட நல்ல இடம் ஏது என்று தோன்றும். 2022 செப்டம்பர் 21 அன்று தமிழ்நாடு அரசு, தஞ்சாவூர், புதுக்கோட்டை மாவட்டக் கடலில் 448 சதுர கிலோமீட்டரை இந்தியாவின் முதல் கடல்பசு பாதுகாப்பகமாக அறிவித்ததும் இங்கேதான். மனோராவில் அதற்கென்று சர்வதேச மையம் ஒன்று அமைக்கப்படும் என்றும் அறிவிப்பு வந்திருக்கிறது. நெப்போலியன் தோற்றதைக் கொண்டாட சரபோஜி மன்னர் கட்டிய அந்தக் கோட்டை மேல் நின்று செல்ஃபி எடுக்கிற நாம், எதிரே விரிந்து கிடக்கும் தண்ணீரில் என்ன மேய்கிறது என்று பார்ப்பதில்லை.

அந்தக் கரை மீனவர்கள் கடல்பசுவை ஆவுளியா என்பார்கள். முழுவதும் வளர்ந்தால் 300, 400 கிலோ இருக்கும். உடம்பு அவ்வளவு பெரிது, ஆனால் அதைப்போலச் சாதுவான உயிரைக் கடலில் தேடித்தான் பிடிக்க வேண்டும். ஒரு நாளைக்கு 30, 40 கிலோ கடற்புல்லைத் தின்னும். தலையைக் கவிழ்த்து, தடித்த மேலுதட்டால் புல்லை வேரோடு பறித்துக்கொண்டே நகரும். அது மேய்ந்து போன வழி, புல்வெளியில் வகிடு எடுத்ததுபோல நீளமாகத் தெரியும். மீன் இல்லை என்பதால் தண்ணீருக்குள் மூச்சு விட முடியாது. சில நிமிடத்துக்கு ஒரு தரம் மேலே வர வேண்டும். வருவதும் தெரியாது, போவதும் தெரியாது. மூக்குத் துவாரங்கள் மட்டும் தண்ணீருக்கு மேலே ஒரு நொடி, இரண்டு நொடி தெரியும். ஒரு சின்னச் சீறல். அவ்வளவுதான், மறுபடியும் கீழே.

இப்போது அந்த இரண்டு நொடியில் நீங்கள் அங்கே இருக்கிறீர்கள் என்று வையுங்கள். "டேய், அதோ பாரு!" என்று ஒருவர் கத்துகிறார். மூன்று கயாக்கும் அந்தப் பக்கம் திரும்புகின்றன. ஆவுளியா பாதி மூச்சோடு கீழே போகிறது. அடுத்த மூச்சுக்கு அது வந்தே ஆக வேண்டும். நீங்கள் தலைக்கு மேலேயே நிற்கிறீர்கள். ஆழமான இடத்துக்கு ஓடலாம், ஆனால் அங்கே புல் இல்லை, விசைப்படகும் வலையும்தான் இருக்கின்றன. கூடக் குட்டி இருந்தால் நிலைமை இன்னும் மோசம். தாயை ஒட்டியே நீந்துகிற குட்டி, தாய் திடுக்கிட்டு ஓடும்போது பிரிந்துவிடலாம். ஆவுளியா ஒரு தடவைக்கு ஒரு குட்டிதான் ஈனும், வயிற்றில் சுமப்பதே ஒரு வருஷத்துக்கு மேல், அடுத்த குட்டிக்கு மூன்றிலிருந்து ஏழு வருஷம் வரை ஆகும். இந்தியக் கடல் முழுக்கக் கூட்டினாலும் சில நூறுதான் தேறும் என்கிறார்கள். ஒரு குட்டி போனால் எத்தனை வருஷக் கணக்கு போகிறது என்று நீங்களே போட்டுப் பாருங்கள்.

கடற்புல்லையும் சும்மா விட்டுவிட முடியாது. பார்ப்பதற்குப் பாசி மாதிரிதான் இருக்கும், ஆனால் வேர், தண்டு, பூ, காய் எல்லாம் உள்ள செடி அது. ஆழமில்லாத இடத்தில் கயாக் தட்டும்போது நம் ஆட்கள் என்ன செய்கிறார்கள்? இறங்கி நடந்து இழுக்கிறார்கள். அல்லது துடுப்பைத் தரையில் ஊன்றி உந்துகிறார்கள். இரண்டிலும் புல் வேரோடு பெயரும். பட்டுக்கோட்டைப் பக்கம் பணியாற்றும் ஓம்கார் அமைப்பினர், மூங்கில் சட்டத்தில் தேங்காய்நார்க் கயிற்றைக் கட்டி, அதில் கடற்புல் துண்டுகளை ஒவ்வொன்றாக முடிந்து, கடலடியில் பதித்து, அழிந்த புல்வெளியை மீட்டு வருகிறார்கள். நாற்று நடுகிற வேலைதான், ஆனால் தண்ணீருக்கு அடியில். அவர்கள் பாடுபட்டு நட்ட துண்டு எது, தானாக முளைத்தது எது என்று மேலேயிருந்து பார்க்கிற உங்களுக்குத் தெரியப்போவதில்லை. அதனால் எதிலுமே கால் வைக்காதீர்கள். தட்டுகிற ஆழம் என்று தெரிந்தால் வந்த வழியே பின்துடுப்புப் போட்டு வெளியேறுங்கள்.

சட்டம் என்ன சொல்கிறது என்பது பலருக்கு அதிர்ச்சியாகவே இருக்கும். 1972-ஆம் வருஷத்து வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தில் வேட்டை என்றால் சுடுவதும் பிடிப்பதும் மட்டுமில்லை. விலங்கை விரட்டுவதும், அதற்கு முயற்சி செய்வதும் வேட்டைக்குள் வருகிறது. பறவை, ஊர்வன என்றால் முட்டையையோ கூட்டையோ கலைப்பதும் அதில் சேர்த்தி. கடல்பசு, கடலாமை, டால்பின் எல்லாம் முதல் பட்டியலில் உள்ளவை. அந்தப் பட்டியலில் இருப்பதை வேட்டையாடினால் குறைந்தது மூன்று வருஷம், அதிகபட்சம் ஏழு வருஷம் சிறை. 2023 ஏப்ரலில் நடைமுறைக்கு வந்த திருத்தத்துக்குப் பிறகு அபராதம் 25,000 ரூபாய்க்குக் குறையாது. 'துரத்தித் துரத்திப் பார்த்தோம்' என்று தலைப்புப் போட்டு நீங்களே ரீல்ஸ் ஏற்றினால், வனத்துறைக்குச் சாட்சி தேடுகிற வேலை மிச்சம். நம் ஊரில் ஒவ்வொரு கயாக்காரர் மேலும் வழக்குப் பாயப்போகிறது என்று பயம் காட்டவில்லை. ஆனால் தெரியாமல் செய்தேன் என்று சொல்லித் தப்பிக்க முடியாது.

பறவைக்கு வருவோம். முத்துப்பேட்டைக்குப் போகிறவர்கள் பெரும்பாலும் ஜாம்பவானோடையில் படகேறி, கோரையாறு வழியாகக் காயலுக்குள் போவார்கள். வனத்துறை அனுமதி இல்லாமல் போகக்கூடாத காடு அது. சொந்தக் கயாக் இருப்பதால் அனுமதி தேவையில்லை என்று யாரோ கிளப்பிவிட்டிருக்கிறார்கள். படகு யாருடையதாக இருந்தாலும் காடு வனத்துறையுடையது. காயலுக்குள் தண்ணீர் பல இடங்களில் இடுப்பளவுதான். கரையெல்லாம் கறுப்புச் சேறு. அலையாத்தி மரத்தைச் சுற்றி அந்தச் சேற்றிலிருந்து விரல் விரலாக ஆயிரக்கணக்கில் எட்டிப் பார்ப்பவை மூச்சுவேர்கள். சேற்றுக்குள் காற்று கிடையாது, மரம் அந்த வேர்களின் வழியாகத்தான் மூச்சு வாங்குகிறது. டீ குடிக்கக் கரையேறுகிறோம் என்று கயாக்கை அதன் மேல் இழுத்துப் போட்டால் ஒரு கயாக் அகலத்துக்கு அத்தனையும் நொறுங்கிக் கிடக்கும். கூடவே அப்போதுதான் முளைவிட்ட கன்றுகளும். முத்துப்பேட்டையில் வாய்க்கால் வெட்டிக் கன்று நட்டு வளர்த்த இடங்கள் நிறைய உண்டு. நீங்கள் மிதிப்பது யாரோ கூலிக்கு நட்ட கன்றாகவே இருக்கலாம்.

ஐப்பசி முதல் மாசி வரை அந்தச் சேற்றுவெளி முழுக்கப் பறவை. பூநாரை, கூழைக்கடா, நாரை, ஆலா, உள்ளான். இதில் உள்ளானைப் பற்றித்தான் யாரும் பேசுவதில்லை, பூநாரைக்குத்தான் கேமரா. கைக்குள் அடங்கிவிடுகிற குருவி அது. அதில் சில வகைகள் சைபீரியாவில் முட்டையிட்டுப் பொரித்துவிட்டு நம் கரைக்கு வருகின்றன. கோடியக்கரையில் பம்பாய் இயற்கை வரலாற்றுக் கழகத்தார் பல பத்தாண்டுகளாகக் காலில் வளையம் மாட்டிக் கணக்கெடுத்து வருவதால் இதெல்லாம் நமக்குத் தெரியும். சித்திரைக்குள் அது திரும்பிப் பறக்க வேண்டும். அதற்கான கொழுப்பை இந்தச் சேற்றிலிருந்துதான் சேர்த்தாக வேண்டும். தண்ணீர் வற்றிச் சேறு வெளியே தெரிகிற கொஞ்ச நேரம்தான் அதற்குச் சாப்பாட்டு நேரம். அந்த நேரத்தில் ஒரு கயாக் கூட்டம் எழுப்பிவிட்டால் ஒரு சுற்று சுற்றி உட்காரும். அடுத்த கூட்டம் வந்தால் இன்னொரு சுற்று. ஒவ்வொரு சுற்றும் சேர்த்ததைச் செலவழிப்பது. நாம் பார்ப்பது அழகான ஒரு வீடியோ. அது பட்டினியோடு வடக்கே கிளம்புவதை யாரும் படமெடுப்பதில்லை.

பூநாரை எழும்புவது இன்னும் சிரமம். தண்ணீரில் நாலு எட்டு ஓடித்தான் மேலே ஏற முடியும். எழும்புவதற்கு முன்னால் அது சொல்லிவிட்டுத்தான் எழும்பும், நமக்குத்தான் பார்க்கத் தெரிவதில்லை. தலையைத் தண்ணீரில் கவிழ்த்து மேய்ந்துகொண்டிருந்தவை ஒவ்வொன்றாகத் தலையைத் தூக்கும். மேய்ச்சல் நிற்கும். கழுத்துகள் எல்லாம் ஒரே பக்கம் திரும்பும். பிறகு மெல்ல நடக்க ஆரம்பிக்கும், கத்தல் கூடும். முதல் தலை நிமிர்ந்தபோதே நீங்கள் நின்றிருக்க வேண்டும். இரண்டாவது தலை நிமிர்ந்தால் பின்வாங்குங்கள். கூட்டம் நடக்க ஆரம்பித்துவிட்டால் நீங்கள் ஏற்கெனவே அளவுக்கு மீறிக் கிட்டே போய்விட்டீர்கள்.

போதாக்குறைக்கு இப்போது ட்ரோன் வேறு. மேலேயிருந்து இரைச்சலோடு இறங்குகிற எதையும் பறவை பருந்தாகவே எடுத்துக்கொள்ளும். சரணாலயத்திலும் காப்புக்காட்டிலும் அனுமதியில்லாமல் அதைப் பறக்கவிடுவது தனி வம்பு. கயாக்கும் ட்ரோனும் சேர்ந்து போவதைப் போன்ற கொடுமை வேறில்லை. கீழே ஒன்று நெருக்கும், மேலே ஒன்று விரட்டும்.

இதைப் படிக்கிற மீனவர் யாராவது சிரிக்கலாம். "இழுவை வலையில எவ்வளவு ஆமை சாகுது, நீங்க துடுப்புக்காரனைப் பிடிச்சிக்கிட்டு..." நியாயமான கேள்வி. 2025 ஜனவரியில் சென்னைக் கரையில் நூற்றுக்கணக்கில் பங்குனி ஆமைகள் செத்து ஒதுங்கியதைப் பேப்பரில் பார்த்தோம். மூச்சுக்கு மேலே வர முடியாமல் இழுவை மடியில் சிக்கிச் செத்தவை என்பதே பேச்சு. அதோடு ஒப்பிட்டால் கயாக் செய்வது கொசுறுதான். மறுக்கவில்லை. ஆனால் மீனவருக்கு அது வயிற்றுப்பாடு, நமக்குப் பொழுதுபோக்கு. வலையில் மாட்டிய ஆவுளியாவை, வலையை அறுத்துக் கடலில் விட்டு, வனத்துறையிடம் பாராட்டும் வெகுமதியும் வாங்கிய மீனவர்கள் அதே தஞ்சைக் கரையில் இருக்கிறார்கள். ஒரு வலையின் விலை என்னவென்று விசாரித்துப் பார்த்தால் அது எவ்வளவு பெரிய காரியம் என்று புரியும். அவர்கள் தொழிலையே விட்டுக்கொடுக்கிறபோது, லீவுக்குப் போகிற நாம் கொஞ்சம் தள்ளி நிற்க மாட்டோமா?

சரி, விலங்குக்கு நம்மால் ஆபத்து. நமக்கு?

முதலில் காற்று. அதிராம்பட்டினம், முத்துப்பேட்டைப் பக்கத்துக் கடல் தெற்கு பார்த்தது. மார்கழி, தை மாதங்களில் வாடைக்காற்று வடக்கிலிருந்து, அதாவது முதுகுப் பக்கமிருந்து அடிக்கும். கரையோரம் தண்ணீர் அசையவே அசையாது. அதைப் பார்த்துத்தான் ஏமாந்து போகிறோம். துடுப்பே போடாமல் கயாக் கடலுக்குள் வழுக்கிக்கொண்டு போகும், சந்தோஷமாக இருக்கும். திரும்பும்போதுதான் தெரியும், எதிர்க்காற்றில் பத்துத் துடுப்புப் போட்டால் இரண்டுதான் முன்னே நகர்கிறது என்று. கோட்டைப்பட்டினம், மீமிசல் பக்கம் கடல் கிழக்கு பார்த்தது. அங்கே ஆனி, ஆடியில் கச்சான் இதே வேலையைச் செய்யும். காற்றடித்த கயாக் இன்னும் மோசம், மொத்தமும் தண்ணீருக்கு மேலே நிற்பதால் காற்றுக்குப் பட்டம் மாதிரி. கரையில் வலை பின்னுகிற பெரியவர் "தம்பி, காத்து ஏறுது, இன்னிக்கு இறங்காதீங்க" என்றால் அதற்கு மேல் உங்கள் கைப்பேசியில் வானிலை பார்க்க வேண்டாம்.

கோடை லீவு வேறு விதமான பொறி. ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை விசைப்படகுகளுக்கு மீன்பிடித் தடைக்காலம். கடல் காலியாக, அமைதியாக இருக்கும். கயாக்குக்கு ஏற்ற காலம் என்று தோன்றும். காலியாக இருக்கிறது என்றால் கவிழ்ந்தால் தூக்கிவிட ஆள் குறைவு என்றும் அர்த்தம். வெறும் மணலில் முட்டையிடுகிற ஆலாக்களுக்கும் அதுதான் காலம். மணல் நிறத்தில், மணல் மேலேயே, கூடென்று சொல்ல ஒரு குச்சிகூட இல்லாமல் கிடக்கும் முட்டைகள். திட்டில் இறங்கிக் கால் நீட்டலாம் என்று நினைப்பவர் மிதித்த பிறகும் அது முட்டை என்று தெரியாமலே நடந்துபோவார்.

ஆழமில்லாத சேற்றில் திருக்கை புதைந்து படுத்திருக்கும். வாலில் முள். மிதித்தால் கணுக்காலில் இறங்கும், வலி உயிர் போகும். இறங்கியே ஆக வேண்டுமென்றால் காலைத் தூக்கி வைக்காமல் தேய்த்துத் தேய்த்து நடப்பது மீனவர் பழக்கம். ஆமைக்கும் டால்பினுக்கும் கிட்டே போனால் என்ன, கடிக்கவா போகிறது என்பார்கள். 2025 பிப்ரவரியில் சிலி நாட்டின் மகல்லன் நீரிணையில் ஒரு திமிங்கிலம் இளைஞர் ஒருவரைப் படகோடு வாய்க்குள் வாங்கி, அடுத்த சில நொடியில் துப்பிய வீடியோவை உலகமே பார்த்தது. அது அவரைத் தின்ன வரவில்லை. மீன் கூட்டத்துக்கு வாயைத் திறந்த இடத்தில் அவர் இருந்தார், அவ்வளவுதான். பாக் விரிகுடாவில் அந்தத் திமிங்கிலம் வராது. ஆனால் மேய்கிற இடத்தில் போய் நின்றால் தவறு யாருடையது என்பதில் மாற்றமில்லை.

கடல் வரைக்கும் போக வேண்டாம், வீட்டு வாசலிலேயே கொள்ளிடம் இருக்கிறதே என்கிறவர்களுக்கும் ஒரு வார்த்தை. அணைக்கரை கீழணைப் பக்கமும், அதற்குக் கீழே சிதம்பரம் வட்டாரத்துப் பழைய கொள்ளிடத்திலும் முதலைகள் உண்டு. வேளக்குடி, பழையநல்லூர் போன்ற ஊர்களில் ஆற்றில் இறங்கியவர்களை முதலை கடித்த செய்திகள் அடிக்கடி வருபவை. ஊருக்குள் வருகிற முதலையைப் பிடித்து வக்காரமாரி நீர்த்தேக்கத்தில் விடுவது வனத்துறைக்கு வழக்கமான வேலையாகிவிட்டது. காற்றடித்த படகில் அங்கே இறங்குவதைப் பற்றி நான் எதுவும் சொல்ல விரும்பவில்லை. திருச்சிப் பக்கம் மேட்டூர் தண்ணீர் வருகிற காலத்தில் ஆற்றின் குணமே வேறு. 2018 ஆகஸ்டில் பழைய கொள்ளிடம் இரும்புப் பாலத்தின் தூண்களைச் சாய்த்து, அதே மாதம் 22-ஆம் தேதி இரவு மேலணையின் 9 மதகுகளை அடித்துக்கொண்டு போன தண்ணீர் அது. கதவணைக்குக் கீழே தண்ணீர் விழுகிற இடத்தில் சுழல் ஆளை உள்ளேயே புரட்டிக்கொண்டிருக்கும், நீச்சல் தெரிந்தும் பயனில்லை. தண்ணீர் வற்றிய கோடையிலோ ஆள்காட்டியும் உப்புக்கொத்தியும் கொள்ளிடத்து மணலில் முட்டை வைத்திருக்கும். நாணலோரத்தில் நீர்நாய்க் குடும்பம் இருக்கலாம். அது தண்ணீருக்கு மேலே நெஞ்சு வரை எழும்பி உங்களையே பார்த்துச் சீறினால் வரவேற்கிறது என்று நினைக்காதீர்கள். குட்டி பக்கத்தில் இருக்கிறது, போய்விடு என்கிறது.

அப்படியானால் கயாக்கே வேண்டாமா? வேண்டும். கடலை ஒரு தடவையாவது கைக்கெட்டுகிற உயரத்திலிருந்து பார்த்தவர்கள்தான் அதற்காகப் பிற்பாடு வாயைத் திறக்கிறார்கள். போகிற இடத்தைத் தேர்ந்தெடுங்கள் என்கிறேன். தொண்டிக்கு அருகே காரங்காட்டில் வனத்துறையும் ஊர் மக்களும் சேர்ந்து கயாக் விடுகிறார்கள். கூட வருகிறவர் அந்த ஊர்க்காரர், எந்த வாய்க்காலில் எப்போது நுழையக்கூடாது என்று அவருக்குத் தெரியும். நீங்கள் கொடுக்கிற காசும் அந்த ஊரிலேயே தங்கும். சொந்தக் கயாக்கில் தனியாகப் போய் ஊர்க்காரர் எவருக்கும் தெரியாமல் இறங்குவதைவிட இது எவ்வளவோ மேல். மன்னார் வளைகுடாப் பக்கம் போகிறவர்கள், அங்குள்ள 21 தீவுகளும் தேசியப் பூங்கா என்பதையும், வனத்துறை அனுமதியில்லாமல் எந்தத் தீவிலும் கால் வைக்கக்கூடாது என்பதையும் நினைவில் வையுங்கள்.

தூரக் கணக்குக் கேட்பவர்களுக்கு: அமெரிக்காவின் கடல் துறையான நோவா, டால்பினுக்கும் கடலாமைக்கும் 50 கெஜம் தள்ளி நில்லுங்கள் என்கிறது. அதாவது 150 அடி. ஸ்ரீரங்கம் ராஜகோபுரத்தின் உயரத்தில் ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்கு என்று கண்ணளவு வைத்துக்கொள்ளலாம். பறவைக் கூட்டத்துக்கு அதைப்போல இரண்டு மடங்காவது விடுங்கள் என்பது என் கணக்கு. நேரே முகத்துக்கு எதிரே போகாதீர்கள், பக்கவாட்டில் கடந்து போங்கள். ஐந்து கயாக் போனால் ஐந்தும் ஒரே பக்கமாகப் போகட்டும். இரண்டு பக்கமும் பிரிந்து நடுவில் விலங்கை மாட்டவைப்பதுதான் எல்லாவற்றிலும் பெரிய தப்பு. ஆவுளியாவோ ஆமையோ தலை காட்டினால் துடுப்பை மடியில் வைத்துவிட்டுச் சும்மா இருங்கள். தானாக வந்து தானாகப் போகட்டும். பின்னாலேயே போகாதீர்கள், தொடாதீர்கள், தின்ன எதுவும் போடாதீர்கள். தை, மாசி, பங்குனி ராத்திரிகளில் கடற்கரையில் டார்ச் அடித்துக்கொண்டு கூடாரம் போடாதீர்கள், முட்டையிட வருகிற பங்குனி ஆமை வெளிச்சத்தைப் பார்த்தால் திரும்பிவிடும். பார்த்த இடத்தை லொகேஷனோடு போட்டு ஊரைக் கூட்டாதீர்கள். ஒரு ரீல்ஸுக்கு அடுத்த ஞாயிறே ஐம்பது பேர் வந்து நிற்பார்கள்.

வாடகைக்குக் கயாக் கொடுக்கிறவர்களிடம் காசு கொடுப்பதற்கு முன் கேளுங்கள்: வனத்துறை அனுமதி இருக்கிறதா, லைஃப் ஜாக்கெட் உண்டா, வழிகாட்டி உள்ளூர்க்காரரா. "ஆவுளியாவைக் கிட்டத்தில் காட்டுவோம், கேரண்டி" என்று சொல்கிறவரிடம் மட்டும் போகாதீர்கள். காட்டுவதற்கு அது அவர் கட்டி வளர்க்கிற மாடு இல்லை. துரத்திக்கொண்டு போனால்தான் அந்தக் கேரண்டியைக் காப்பாற்ற முடியும்.

கிளம்புவதற்கு முன் எங்கே இறங்குகிறீர்கள், எத்தனை பேர், எத்தனை மணிக்குக் கரையேறுவீர்கள் என்று வீட்டிலும் ஊர் மீனவர் ஒருவரிடமும் சொல்லிவிட்டுப் போங்கள். கடலில் ஆபத்தென்றால் கடலோரக் காவல்படையின் எண் 1554, கடலோரக் காவல் குழுமத்தின் எண் 1093. இரண்டையும் இப்போதே கைப்பேசியில் பதிந்து, கைப்பேசியை நனையாத பையில் போட்டுக் கழுத்தில் மாட்டிக்கொள்ளுங்கள். லைஃப் ஜாக்கெட்டின் கொக்கி மூன்றும் மாட்டியிருக்கிறதா என்று ஒரு தடவை பார்த்துவிட்டு இறங்குங்கள்.